பாரிஸ்டர் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக விரும்புகிறவருக்கு மிகக் கடினமான கதவு படிப்பில் சேரும் இடத்தில் இல்லை. படித்து, தேர்வெழுதி, கடைசித் தவணை வரை கட்டி முடித்த பிறகுதான் அது எதிரே வந்து நிற்கிறது. அதன் பெயர் பியூபிலேஜ். ஒரு மூத்த பாரிஸ்டரின் கீழ் ஓராண்டு பெறும் பயிற்சி அது. அது கிடைக்காதவர் நீதிமன்றத்தில் பாரிஸ்டராக நிற்க முடியாது. நாற்பது வயதை நெருங்கும்போது வேலையை விட்டு இந்த வழியில் இறங்கினேன். கல்விக் கட்டணமாக மட்டும் 26,000 பவுண்டுக்கு மேல் போனது. ஒரு முழு ஆண்டின் சம்பளமும் போனது. அந்தக் கட்டணம் வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்த தொகை. என் நிலையில் இருக்கும் இன்னொருவர் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மதுரையில் பொறியியல் படித்துவிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். மென்பொருள் சோதனைப் பிரிவில் நல்ல வேலை, ஆண்டுக்கு 52,000 பவுண்டு சம்பளம். 2019இல் என் நண்பர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவரிடம் பணமில்லை; துணைக்கு நான் போனேன். கிங்ஸ்வே சாலையில் விக்டரி ஹவுஸ் என்ற கட்டடத்தில் விசாரணை. நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த இளம் பாரிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு மின்னஞ்சலைக் காட்டுவார், சின்னதாக ஒரு கேள்வி, அடுத்த மின்னஞ்சல், இன்னொரு சின்னக் கேள்வி. அரை மணி நேரத்தில் என் நண்பர் தன் வாயாலேயே தன் வழக்கைப் பலவீனப்படுத்திக்கொண்டார். நண்பருக்காக வருந்தினேன். அதே நேரத்தில், இந்தத் திறமை அவர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பும் என்னை விடவில்லை. சொல்லுக்கும் ஆவணத்துக்கும் இடையே எங்கே இடிக்கிறது என்று தேடுவதுதான் என் வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. அதை மனிதர்களுக்காகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றிய ஆசை இன்றும் குறையவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சிறு விளக்கம். இங்கே வழக்கறிஞர்கள் இரண்டு வகை. கட்சிக்காரரை நேரடியாகச் சந்தித்து வழக்கை நடத்திச் செல்பவர் சொலிசிட்டர். நீதிமன்றத்தில் வாதாடுவதிலும், சிக்கலான விஷயங்களில் சட்டக் கருத்து எழுதித் தருவதிலும் தேர்ந்தவர் பாரிஸ்டர். பாரிஸ்டர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அல்லர். சேம்பர்ஸ் என்ற அமைப்பில் ஒன்றாக இருந்துகொண்டு, அலுவலகச் செலவைப் பகிர்ந்து, தனித்தனியாகச் சம்பாதிப்பவர்கள். அந்த நிலைக்குப் போக மூன்று படிகள். முதலாவது, சட்டப் பட்டம். வேறு பட்டம் இருந்தால் அதன் மேல் சட்ட மாற்றுப் படிப்பு. இரண்டாவது, பாரிஸ்டர் பயிற்சிப் படிப்பு. மூன்றாவது, பியூபிலேஜ்.

முதல் படி எனக்கு இனிமையாகவே அமைந்தது. வேலையை விடாமல், மாலைகளிலும் வார இறுதிகளிலும் வகுப்புக்குப் போய் இரண்டு ஆண்டுகளில் முடித்தேன். கட்டணம் சுமார் 9,500 பவுண்டு, தவணையில் கட்டினேன். சேர்வதற்கு முன்பு என் இந்தியப் பட்டம் இங்கே எந்தத் தரத்துக்குச் சமம் என்று சான்று கேட்டார்கள். பயிற்சிப் படிப்புக்குப் போக, பட்டத்தில் குறைந்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு தேவை. ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியல்களை வரவழைத்துச் சான்று வாங்கி முடிக்க வாரங்கள் ஆகின்றன. கல்லூரி திறப்பதற்கு வெகு நாள் முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். கொரோனா முடக்கத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கு அறக்கட்டளைச் சட்டமும் நிலச் சட்டமும் படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் மூளை புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது என்ற உற்சாகத்தில் இருந்தேன். அந்த உற்சாகம் பொய்யில்லை. ஆனால் சட்டம் நன்றாக வருகிறது என்பதும் பியூபிலேஜ் கிடைக்கும் என்பதும் வேறு வேறு என்று அப்போது என்னிடம் எவரும் சொல்லவில்லை.

முதல் அடி விழுந்தது உதவித்தொகையில். பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு பழைய சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். காந்தி இன்னர் டெம்பிளில் இருந்தார், அம்பேத்கர் கிரேஸ் இன்னில், நம் வ.வே.சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னில். இந்த நான்கும் சேர்ந்து ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு உதவித்தொகை தருகின்றன. வயது வரம்பு கிடையாது. குடும்பத்தின் பண நிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மிடில் டெம்பிள் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் நேர்முகத்துக்கு அழைக்கிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் பயிற்சிப் படிப்புக்கான உதவித்தொகைக்கு, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; அதுவும் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் அனுப்பலாம். நான் சேர இருந்த கல்வி நிறுவனத்தின் அறிமுக நாளில் ஆலோசகர் ஒருவர், “முதலில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், உதவித்தொகையைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னார். அந்த வார்த்தையை நம்பி முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்தேன். பிறகு சங்கத்தைத் தொடர்புகொண்டபோது காலம் கடந்துவிட்டது என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. அன்று இரவு மனைவியிடம் சொல்லும்போது எனக்குக் குரல் எழவில்லை. “முன்பணம் கட்டிவிட்டோம், இனி எப்படித் திரும்புவது?” என்று அவர் கேட்டார். திரும்பியிருக்கலாம். ஓராண்டு தள்ளிப்போட்டு, அடுத்த நவம்பரில் விண்ணப்பித்துவிட்டுச் சேர்வதில் ஓராண்டு வயதைத் தவிர வேறு இழப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு அந்த நிலை வந்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். நிறுவனத்தின் ஆலோசகர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் தேதிகளைச் சங்கங்களின் அறிவிப்பிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

2021 செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சிப் படிப்பில் சேர்ந்தேன். லண்டன் கட்டணம் 17,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே இதைவிடக் குறைவாகவும் இடங்கள் இருக்கின்றன, பகுதிநேரமாகவும் படிக்கலாம். குறுக்கு விசாரணை, சட்டக் கருத்து எழுதுதல், கட்சிக்காரருடன் கலந்தாய்வு, மனு வரைதல் என்று ஒவ்வொரு நாளும் செய்து பழகும் படிப்பு. உரிமையியல், குற்றவியல் நடைமுறைத் தேர்வுகளை நாடு முழுவதற்கும் பொதுவாக, பாரிஸ்டர்களுக்கான ஒழுங்குமுறை வாரியமே நடத்துகிறது. பலர் அதில் தடுக்கி விழுகிறார்கள். நான் தேறினேன். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் ஒரு சம்பளம்தான். பிள்ளைகளின் நீச்சல் வகுப்பை நிறுத்தினோம். ஊருக்குப் போவதை நிறுத்தினோம். என் மனைவி ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிறுவனம் ஆதரவளிக்கும் வேலை விசாவில் இருந்துகொண்டு வேலையை விட்டால், இந்த நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டம் காணும். எனக்கு நிரந்தர வசிப்புரிமை இருந்ததால் அந்தக் கவலை இல்லை. உங்களுக்கு இல்லையென்றால் முதலில் அதை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள்.

இனி பியூபிலேஜ். பெரும்பாலான சேம்பர்ஸ்கள் பியூபிலேஜ் கேட்வே என்ற பொது அமைப்பு வழியாக ஆள் எடுக்கின்றன. நவம்பர் இறுதியில் இடங்களின் பட்டியல் வெளியாகும், ஜனவரியில் விண்ணப்பம், மே மாதத்தில் முடிவு. அதிகபட்சம் 20 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அமைப்புக்கு வெளியே தனியாக ஆள் எடுப்பவர்களும் உண்டு. பயிற்சிப் படிப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்கிறார்கள். பியூபிலேஜ் இடங்களோ ஐந்நூறு, அறுநூறு அளவில்தான். சேர்பவர்களில் கணிசமானவர்கள் மலேசியா, பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்து பட்டத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் என்பதால், போட்டி இந்த எண்கள் காட்டும் அளவுக்கு மோசமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது ஓரளவு சரி. ஆனால் முந்தைய ஆண்டுகளில் இடம் கிடைக்காதவர்களும் ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். படிப்பை முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பியூபிலேஜைத் தொடங்க வேண்டும் என்ற காலக்கெடுவும் தலைக்கு மேல் இருக்கிறது.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இரவு இரவாக எழுதினேன். ‘ஏன் இந்தச் சேம்பர்ஸ்’ என்ற கேள்விக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு பதில் வேண்டும். ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பெரும்பாலான பதில்கள் இரண்டு வரி மின்னஞ்சல்கள். ஒரு நேர்முகத்தில் என் சட்ட வாதத்தை நன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில் குழுவில் ஒருவர், குடும்பம் வைத்திருப்பவர் இந்த வருமானத்தில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர்கள் வெளியே காத்திருந்தார்கள். அவர்களிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கோபத்தைவிட அவமானமே அதிகம் இருந்தது. கேள்வி முறையா இல்லையா என்பது வேறு விஷயம். அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள். எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேச்சைச் சட்டத்துக்குத் திருப்புங்கள்.

2022இல் என் சங்கத்தின் பழைய மண்டபத்தில் மேலங்கி அணிந்து பட்டம் பெற்றேன். அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். அவர் மதுரையில் பார்ப்பவர்களிடமெல்லாம் “என் மகன் பாரிஸ்டர்” என்று சொல்லிவிட்டார். தன் தங்கை மகள் திருமண அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் அதைப் போடவும் சொல்லிவிட்டார். நம் குடும்பங்களுக்கு இதன் வலி புரியும். பட்டம் பெற்றவர் பியூபிலேஜ் முடிக்காதவரை பதிவு பெறாத பாரிஸ்டர்தான். சட்டச் சேவை தரும் இடத்தில் தன்னைப் பாரிஸ்டர் என்று காட்டிக்கொள்ள விதிகள் அனுமதிப்பதில்லை. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை வரும். ஊரில் வந்து சட்ட ஆலோசனை கேட்பவர்களிடமும், வேலை தேடும்போது எழுதும் தன்விவரத்திலும் இதில் கவனம் தேவை. அப்பாவிடம் தொலைபேசியில் விளக்கியபோது, “சரிப்பா, அழைப்பிதழில் எடுத்துவிடச் சொல்கிறேன். மதுரைக் கோர்ட்டில் மாதிரி ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்துகொள்ள முடியாதா?” என்று கேட்டார். அப்படிப் போய் நின்று சேரும் வழி இங்கே இல்லை. விளம்பரம் செய்து, போட்டி வைத்து, சம்பளம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். 2025க்கான குறைந்தபட்சம் லண்டனில் 24,203 பவுண்டு, வெளியே 22,019. பயிற்சி பெறுபவரைச் சுரண்டக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி அது. அதனாலேயே இடங்கள் குறைவாகவும் இருக்கின்றன.

இப்போது யாராவது என்னிடம் வந்தால் படிகளை நான் சொல்லும் வரிசையே வேறு. வேலையில் இருந்துகொண்டே, விடுமுறை எடுத்து மினி பியூபிலேஜ் போங்கள். சில நாட்கள் ஒரு பாரிஸ்டர் கூடவே இருந்து பார்ப்பது அது. இரண்டு மூன்று துறைகளில் பார்த்தால், உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரியும். விண்ணப்பத்தில் எழுதவும் விஷயம் கிடைக்கும். மாற்றுப் படிப்பு நடக்கும்போதே இலவசப் பிரதிநிதித்துவப் பிரிவு என்ற தொண்டு அமைப்பில் பயிற்சி எடுத்துச் சேருங்கள். 1972 முதல் இயங்கும் அந்த அமைப்பு, சமூகப் பாதுகாப்பு, வேலைவாய்ப்புத் தீர்ப்பாயங்களில் வசதியில்லாதவர்களுக்காகத் தன்னார்வலர்களை அனுப்புகிறது. அதன் வழியாகத்தான் நான் முதன்முதலாக ஒருவருக்காகப் பேசினேன். இயலாமைக்கான உதவித்தொகை மறுக்கப்பட்ட ஒரு பெண்மணியின் மேல்முறையீடு. படிக்கட்டில் ஏற அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, நடுவில் எங்கே உட்காருகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். தீர்ப்பாயம் அவர் பக்கம் முடிவு சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. இழந்த பணத்தை நினைத்து மனம் தளரும்போதெல்லாம் என்னைத் தூக்கி நிறுத்துவது அதுதான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பியூபிலேஜுக்குப் பயிற்சிப் படிப்பை முடித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேம்பர்ஸ்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னதாகவே ஆள் எடுக்கின்றன. மாற்றுப் படிப்பின் கடைசி ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால், சில சேம்பர்ஸ்கள் பயிற்சிக்கால ஊதியத்தில் ஒரு பகுதியைப் படிப்புச் செலவுக்கு முன்கூட்டியே தருகின்றன. கிடைக்காவிட்டால், பெரிய கட்டணம் இன்னும் உங்கள் பையிலேயே இருக்கிறது. வேலையும் கையில் இருக்கிறது. குடும்பம் உள்ளவர்கள் பியூபிலேஜோ கணிசமான உதவித்தொகையோ கையில் இல்லாமல் வேலையை விட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இதை யாராவது 2020இல் என்னிடம் சொல்லியிருந்தால் 17,000 பவுண்டும் ஓராண்டுச் சம்பளமும் மிஞ்சியிருக்கும்.

எந்தச் சேம்பர்ஸுக்கு விண்ணப்பிப்பது என்று பார்க்கும்போது, அங்கே கடைசியாகச் சேர்ந்த இளம் உறுப்பினர்களின் குறிப்புகளைப் படியுங்கள். எல்லோரும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதல் வகுப்பு என்றால் அங்கே நம் பழைய அனுபவம் எடுபடுவது அரிது. செவிலியராக, ஆசிரியராக, போலீஸ்காரராக இருந்து வந்தவர்கள் ஓரிருவர் தென்பட்டால் அங்கே நம்பிக்கையோடு எழுதலாம். கணினித் துறையினர் தொழில்நுட்ப, கட்டுமான நீதிமன்ற வழக்குகளை நடத்தும் சேம்பர்ஸ்களை நினைப்பது இயல்பு. நம் அறிவு அங்கே உண்மையிலேயே பயன்படும். ஆனால் போட்டி மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வணிக வழக்குகளில் இருக்கும் பாரிஸ்டர்களின் வருமானத்தைக் கேட்டு நம்மவர்கள் மயங்குகிறார்கள். குற்றவியலில் முதல் மூன்று ஆண்டுகளில் இருப்பவர்களின் இடைநிலை நிகர ஆண்டு வருமானம் 12,200 பவுண்டு என்ற கணக்கு, 2022இல் குற்றவியல் பாரிஸ்டர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்துப் போராடியபோது எல்லாச் செய்திகளிலும் வந்தது. அரசு அவர்களுக்குத் தரும் கட்டணம் அதன்பின் உயர்த்தப்பட்டது. ஆனாலும் அது செல்வம் சேர்க்கும் துறையில்லை. சுயதொழில் என்பதால் வேலை முடிந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் பணம் வரும். சேம்பர்ஸுக்கு உங்கள் பங்கு, வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அதிலிருந்துதான். ஓராண்டுக் குடும்பச் செலவு தனியாக இருந்தால்தான் நிம்மதியாகத் தொழிலில் நிற்க முடியும்.

நான் 2023 முதல் கிழக்கு லண்டனில் ஒரு சட்ட உதவி மையத்தில் வேலைவாய்ப்புப் பிரிவில் இருக்கிறேன். பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்றே மேல். காலையில் வருபவர்களில் பாதிப் பேர் உணவகங்களிலும் கிடங்குகளிலும் கூலி மறுக்கப்பட்டவர்கள். தமிழில் பேசலாம் என்று தெரிந்ததும் சிலருக்கு முகமே மாறிவிடும். சொலிசிட்டர் ஆவதற்கு 2021இல் வந்த புதிய தேர்வு முறையில், இங்கே செய்யும் இந்த வேலையையே இரண்டு ஆண்டுத் தகுதி அனுபவமாகக் காட்டலாம். இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறத்தாழ ஐந்தாயிரம் பவுண்டு. எந்தத் துறைப் பட்டமும் போதும். மாற்றுப் படிப்புகூடக் கட்டாயமில்லை. தீர்ப்பாயங்களில் சொலிசிட்டர்களே எழுந்து நின்று வாதாடலாம். உயர் நீதிமன்றங்களில் வாதாடும் உரிமையையும் தனித் தேர்வெழுதிப் பெறலாம். நான் விரும்பிய வேலையின் பெரும்பகுதி இந்த வழியிலும் இருக்கிறது என்பதை அறிமுக நாட்களில் எவரும் சொன்னதில்லை. முதல் தேர்வில் தேறிவிட்டேன், இரண்டாவதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பியூபிலேஜுக்கான என் ஐந்து ஆண்டுகள் 2027இல் முடிகின்றன. அதுவரை ஜனவரி வரும்போதெல்லாம் அந்த விண்ணப்பத்தையும் அனுப்புவேன், ஆனால் வேலைவாய்ப்புச் சட்டம் பார்க்கும் சேம்பர்ஸ்களுக்கு மட்டும்.